ஏழாம் நம்பர் மலை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் முகட்டில் இப்போது வெள்ளைக்காரர்கள் நடக்கிறார்கள். இரண்டு கையிலும் குச்சி, முதுகில் பை, தலையில் தொப்பி. காலையில் ஏறி, ஒரு பக்கம் பூனாகலையையும் மறுபக்கம் அதலபாதாளத்தில் கிடக்கும் சமவெளியையும் பார்த்துக்கொண்டே போய், பின்னேரம் வேறு ஏதோ ஒரு தோட்டத்தில் இறங்குகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்த விஷயம் இன்னும் பிடிபடவில்லை. பஸ் ஓடுகிற நாளில் ஒரு மனுஷன் எதற்காக நடக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நடக்கிறவர்கள் வழி தவறிவிடக் கூடாது என்று முகடு நெடுக அம்புக்குறி போட்ட பலகைகள் நட்டிருக்கிறார்கள். போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தையைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என்னையும் வைதுகொண்டு ஏறியவள், முதல் பலகையைக் கண்டதும் நின்று அதைத் தட்டிப் பார்த்தாள்.

"இத அப்பவே நட்டிருந்தா எனக்கு இந்தப் பேரு வந்திருக்காது" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். அத்தையின் பட்டப்பெயர் ஏழாம் நம்பர். தோட்டத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவளை 'ஏழாம் நம்பர் ஆச்சி' என்றுதான் சொல்கிறார்கள். அவளுடைய உண்மையான பெயர் கங்காணிக்குக்கூட ஞாபகம் இருக்குமோ என்னவோ. அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். ஊரில் யாருக்கும் இது தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டிய வருஷம். அதில் தேறினால் தோட்டத்துப் பாடசாலையை விட்டுப் பதுளையில் பெரிய பாடசாலைக்குப் போகலாம், விடுதியில் தங்கிப் படிக்கலாம். எங்கள் பாடசாலையிலிருந்து அதற்கு முன்பு மேல் லயத்து வரிசை வீட்டு அக்கா ஒருத்தி மட்டும் தேறிப் போயிருந்தாள். அந்த வருஷம் எங்கள் வகுப்புச் சேர் என்னை நம்பியிருந்தார். அம்மா என்னை நம்பியிருந்தாள். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அப்பா, போன் எடுக்கும்போதெல்லாம் மற்ற விசாரிப்பை விட்டுவிட்டு, படிக்கிறேனா என்றுதான் கேட்பார். போக விருப்பமா என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எனக்குத் துளியும் விருப்பமில்லை. மேல் லயத்து அக்கா விடுமுறைக்கு வந்தபோது விடுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தாள். விளக்கு அணைத்த பிறகு பேசக்கூடாதாம். தட்டில் சோறு மிச்சம் வைக்கக்கூடாதாம். தலையைத் தானே வாரி, தானே இரட்டைப் பின்னல் போட வேண்டுமாம். மற்றதையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடுவேன், இந்தப் பின்னல் விஷயத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அது வரைக்கும் அம்மாதான் எனக்குத் தலை வாரினாள். அதுவும் போதாதென்று, பரீட்சைக்குப் பதினைந்து நாளைக்கு முன்னால் வீட்டில் தம்பி பிறந்திருந்தான். நான் போனால் அம்மாவுக்குப் பக்கத்தில் என் இடத்தில் அவன் படுத்துக்கொள்வான், நாளடைவில் என்னை எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, பண்டாரவளையில். ஆறு மணி பஸ்ஸில் போய்விட்டால் எட்டுக்குள் நகரத்தில் இருக்கலாம். ஆனால் அது ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடியில் மழை குறைவு, காற்று அதிகம். சனிக்கிழமை அடித்த காற்றில் தோட்டத்து ரோட்டின் முடக்கில் நின்ற பெரிய சவுக்கு மரம் ஒன்று மின்கம்பிகளையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. விடியற்காலையில் லயத்து ஆள் ஒருவர் வந்து, இன்றைக்குப் பஸ் வராது என்று வாசலில் நின்று சொன்னார். அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் மாரியம்மனுக்கு நன்றி சொன்னேன்.

என் சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருந்த அத்தை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் அம்மாவுக்கும் நான்கு மாதமாகப் பேச்சு இல்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியில் யார் குடம் முதலில் இருந்தது என்ற தகராறு. ஆகவே அத்தை அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"புள்ள, ஒங்கம்மாகிட்ட சொல்லு. முகட்டு வழியா நான் கூட்டிட்டு போறேன்."

அம்மாவும் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம்தான் பதில் சொன்னாள். "கவனமா கூட்டிட்டு போகச் சொல்லு."

இருவருக்கும் நடுவில் நான்கு அடி தூரம். நடுவில் நான். என் தலையெழுத்து என் வழியாகவே முடிவாகிக்கொண்டிருந்தது, எனக்கோ அதில் பேச்சில்லை.

முகட்டு வழி என்பது இதுதான். லயத்துக்குப் பின்னால் கோயிலடியால் ஏறி உச்சிக்குப் போய், முகட்டின் மேலேயே ஒரு மணி நேரம் நடந்து, மறுமுனையில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கினால் பெரிய ரோடு வரும். அந்த ரோட்டில் நாள் முழுக்கப் பஸ் ஓடும். ஒன்பதரைக்கு மணி அடித்துவிடும், பிறகு கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று சேர் பலமுறை சொல்லியிருந்தார். எப்படி நடந்தாலும் நேரம் இருந்தது. என் வெள்ளைச் சட்டை, சப்பாத்து, அனுமதி அட்டை எல்லாவற்றையும் அத்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சீலையால் சுற்றிக்கொண்டாள். நான் பழைய கவுனும் ரப்பர் செருப்புமாக அவளுக்குப் பின்னால் ஏறினேன்.

வழி நெடுக அத்தை நம்பர் சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டுக்கும் மலை என்றுதான் பெயர், ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். ஓரத்தில் தகரப் பலகையில் பெரிதாக நம்பரும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் தோட்டத்தின் பெயரும் எழுதியிருக்கும். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. நம்பர் தெரியும். நாலு இது, அஞ்சு அது, ஏழில் வெள்ளிக்கிழமை கொழுந்து எடுத்தோம், ஒன்பதில் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள் என்று வீட்டு அறைகளைக் காட்டுகிற மாதிரிக் காட்டிக்கொண்டே போனாள். அந்த மலைகளில் அவளுக்குத் தெரியாத செடி இல்லை என்று நான் நினைத்தேன், அதில் தவறும் இல்லை.

உச்சிக்கு வந்தபோது சூரியன் வந்திருந்தது. எங்கள் லயத்தை நான் முதன்முதலாக மேலிருந்து பார்த்தேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கூரைத் தகரத்தின் மேல் எத்தனை கல் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மலை அப்படியே வெட்டி விழுந்து, தூரத்தில் பச்சையும் புழுதியுமாகத் தட்டையாக நாடு கிடந்தது. அந்தப் பக்கமிருந்து வந்த காற்று என்னை இரண்டடி தள்ளியது. அத்தை என்னை இழுத்து அவளுடைய இடது பக்கத்தில் விட்டுக்கொண்டாள். நான் நல்ல காட்சியைப் பார்க்க வலது பக்கம் போகப் போக, அவள் விடாமல் என்னை இடது பக்கத்துக்கே தள்ளினாள். பார்க்கிறதெல்லாம் இவளே பார்க்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அரை மணி நேரம் அப்படி நடந்திருப்போம். கீழே இருந்து முகில் ஏறியது. வெள்ளையாக வந்து, முதலில் சமவெளியை மூடி, பிறகு பாதையை மூடி, கடைசியில் என் கையைப் பிடித்திருந்த அத்தையையே பாதி மூடிவிட்டது. அதற்குள்ளேயே தட்டுத்தடுமாறி இன்னும் அரை மணி நேரம் நடந்தோம். காற்று வேறு நிற்கவிடவில்லை. அதற்கு ஒதுங்கிக் கொஞ்சம் கீழே இறங்கினோம், பிறகு இன்னும் கொஞ்சம். காலடியில் புல் போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு நடுவே ஒரு தடம் கிடைத்தது. தடத்தில் இறங்கிக்கொண்டே போனால் ஒரு தகரப் பலகை எதிரே நின்றது. அதில் பெரிதாக 7.

அத்தை நின்றுவிட்டாள். "அடியாத்தி, ஏழா? சுத்தி நம்ம பக்கமே எறங்கிட்டமே" என்றாள்.

எங்கள் ஏழாம் நம்பர் மலை லயத்துக்கு நேர் மேலே இருப்பது. அதில் நிற்கிறோம் என்றால், முகிலுக்குள் திசை மாறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம் என்று அர்த்தம். மறுபடி முகட்டுக்கு ஏறி, விட்ட இடத்திலிருந்து நடக்க வேண்டும். அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு பயம் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்பருக்குக் கீழே பொடி எழுத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தது. துருவேறியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. அது எங்கள் தோட்டத்தின் பெயர் அல்ல, பக்கத்துத் தோட்டத்தின் பெயர். அவர்களுக்கும் ஒரு ஏழாம் நம்பர் மலை இருந்தது. நாங்கள் திசை மாறவில்லை. போக வேண்டிய பக்கம்தான் இறங்கியிருந்தோம். அதே தடத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் பெரிய ரோடு.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சொல்லாமலே இருந்தால் நேரம் போய்விடும், கேட்டைச் சாத்திவிடுவார்கள், விடுதி இல்லை, பின்னல் இல்லை, அம்மாவுக்குப் பக்கத்தில் என் இடம் எனக்கே. வேறு யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை, பொய்யும் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் ஒரு பாவமும் இல்லை என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அத்தை என் கையை இறுக்கிப் பிடித்து மேலே ஏறினாள். செங்குத்தான இடம். ஒரு கையில் என்னையும் மறு கையால் தேயிலைச் செடியையும் பிடித்துப் பிடித்து ஏறினாள். நான் வேண்டுமென்றே மெதுவாக ஏறினேன். கால் வலிக்கிறது என்றேன். உடனே குனிந்து என்னை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அவளுடைய ஒரு செருப்பு வார் அறுந்து எங்கேயோ போனது. அதை அவள் தேடவில்லை. மூச்சு வாங்கும் சத்தத்துக்கு நடுவே, "பயப்புடாத தாயி, போயிறலாம், போயிறலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவள் முதுகில் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

இருபது நிமிஷம் ஏறியிருப்போம். அத்தை ஒரு செடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிடித்த கையை விரித்துப் பார்த்தாள். கை நிறையக் கொழுந்து. பக்கத்துச் செடியைத் தடவினாள். அதிலும் இளம் கொழுந்து விரல் நீளத்துக்கு நின்றது. என்னை இறக்கிவிட்டாள்.

"வெள்ளிக்கெழம ஏழுல கொழுந்து எடுத்தது நாங்கதானே. ரெண்டு நாள்ல இப்புடி நிக்குமா?" என்று செடியைக் கேட்டாள். பிறகு தானே பதிலும் சொன்னாள். "இது நம்ம ஏழு இல்ல புள்ள. இது அவங்க ஏழு."

கண் ஏமாந்ததைக் கை கண்டுபிடித்துவிட்டது. மறுகணம் என்னை இழுத்துக்கொண்டு, வந்த வழியே கீழே ஓடினாள். ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால். பலகையடிக்கு வந்ததும் மட்டும் ஒரு நொடி நின்றாள். நம்பருக்குக் கீழே இருந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, துருவைத் துடைப்பதுபோல ஒரு தரம் இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்கத் தொடங்கினாள். நல்ல வேளை, அத்தைக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டோரத்தில் அவள் படங்குச் சீலையைத் திரை மாதிரிப் பிடிக்க, அதற்குப் பின்னால் சட்டை மாற்றினேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுடைய வெறுங்காலில் ரத்தம் வழிவதைப் பார்த்தேன். அதைச் சீலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, என் தலையை விரலால் கோதியபடி, "அங்க பதுளைக்கு போறதுக்கு ஒனக்கு பயமா புள்ள?" என்று கேட்டாள்.

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "எனக்கு பின்னல் போடத் தெரியாதே அத்தே" என்று சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது. அவள் சிரிக்கவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

பரீட்சை மண்டபத்துக் கேட்டில் சேர் நெருப்பில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்பது இருபது தாண்டியிருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டாள்.

"என்னாலதான் சொணங்கிருச்சுங்க சேர். நம்பர பாத்து ஏமாந்துட்டேன். புள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

எந்த அறை என்று பார்க்கச் சுவரில் சுட்டெண் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். படித்த தகப்பன்மார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடுமாறிக்கொண்டிருக்க, அத்தை என் சட்டையில் குத்தியிருந்த சுட்டெண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டு, பட்டியலில் விரலை வைத்து, "இந்தா இருக்கு" என்றாள். அது நம்பர் அல்லவா.

என் மேசை ஜன்னலோரம். கேட்டுக்கு வெளியே, ஒற்றைச் செருப்போடு, பொலித்தீன் பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அத்தை நிற்பது தெரிந்தது. தெரிந்த விடையைப் பிழையாக எழுதலாம் என்ற யோசனையும் எனக்கு இருந்ததுதான். அவளைப் பார்த்த பிறகு கை அதற்கு வரவில்லை. தெரிந்ததையெல்லாம் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து, சுணங்கிய கதையைச் சொன்னதும் அம்மா நான்கு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக அத்தையிடம் நேராகப் பேசினாள். "எழுத்து தெரியாதவள நம்பி அனுப்புனேன் பாரு, என்னைய சொல்லணும்." அத்தை கோபப்படவில்லை. "ஆமா அண்ணி, என் தப்புதான்" என்றாள். இப்படி ஒத்துக்கொள்கிறவளோடு யார்தான் சண்டை பிடிப்பது. அம்மா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பீலித் தகராறு அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி, "ஏழாம் நம்பரு வந்தாச்சா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம். பெயர் ஒட்டிக்கொண்டது. தன் தோட்டத்து மலைக்கும் அடுத்த தோட்டத்து மலைக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று, இருபது வருஷம் அத்தையைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நானும் கூட நின்றிருக்கிறேன்.

நான் வெட்டுப்புள்ளியைத் தாண்டித் தேறிவிட்டேன். முடிவு வந்த அன்று மாலையிலிருந்து அத்தை சீப்பும் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணாடியைப் பிடிப்பாள், நானே பின்ன வேண்டும். கோணலாக வந்தால் அவிழ்த்துவிடுவாள். தை மாதத்துக்குள் என் கை பழகிவிட்டது. இன்று பதுளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். காலையில் தலை வாரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வரும். என்னை ஆளாக்கியவர்கள் பலர். முதுகில் சுமந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த அம்புக்குறிப் பலகையடியில், போன விடுமுறையில், எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். பலகையை வாசித்தது, வாயை மூடிக்கொண்டது, கால் வலி என்று நடித்தது எல்லாம். அத்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பலகையில நம்பருக்கு கீழ எழுத்து இருந்துச்சு. எனக்கு வாசிக்க தெரியாது, ஒனக்கு தெரியும். இது தெரிய எனக்கு பள்ளிக்கூடமா போகணும்?" என்றாள். பிறகு, "நான்தான் ஒனக்கு அன்னைக்கே சொன்னேனே, நீ பதுளைக்கு பஸ் ஏறுன அன்னைக்கு" என்றாள்.

சொல்லத்தான் செய்தாள். தை மாதத்தில் ஒரு காலை, டிரங்குப் பெட்டியோடு நானும் கொழும்பிலிருந்து வந்திருந்த அப்பாவும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். அத்தை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, நான் போட்டிருந்த பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அங்க ஏதாச்சும் கண்ணுல பட்டா வாய மூடிகிட்டு இருக்காத. பயமா இருந்தாலும் சொல்லிரு, என்ன."

நகரத்துக்குப் போகிறேன், வழி தவறாமல் இருக்கச் சொல்கிறாள் என்றுதான் அன்று நான் விளங்கிக்கொண்டேன். அதனால் பண்டாரவளையைத் தாண்டியதிலிருந்து கண்ணில் பட்ட கடைப் பலகை, தோட்டப் பலகை, பஸ் பலகை ஒன்றையும் விடாமல் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே போனேன். தெமோதரை வரைக்கும் பொறுத்திருந்த அப்பா, அதற்கு மேல் முடியாமல், போதும் வாயை மூடு என்றார். அத்தை சொல்லித்தான் வாசிக்கிறேன் என்றேன் நான்.